புதுப்பிப்பு: யூகான் ஆற்று வரைபடக் கையேடு அச்சுக்குப் போகிறது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கனடாவின் யூகான் ஆற்றில், ஒயிட்ஹார்ஸ் ஊரிலிருந்து டாசன் ஊர் வரை, சுமார் 700 கிலோமீட்டருக்குக் கேனோ என்ற துடுப்புப் படகில் போகிறவர்களுக்கான கையேட்டில், பக்கத்தின் மேற்புறம் வடக்காக இருக்கணுமா, நீரோட்டத் திசையாக இருக்கணுமா என்று.

நீரோட்டத்தையே மேலே வைத்துவிட்டேன். ஃபைவ் ஃபிங்கர் ரேப்பிட்ஸ் என்ற, தண்ணீர் சீறிப்பாயும் இடம்தான் காரணம். அங்கே பாறைத் தீவுகள் ஆற்றை ஐந்தாகப் பிரிக்கின்றன. வலது ஓரக் கிளையில்தான் போகணும். இரைச்சல் காதில் விழுந்தபிறகு யாரும் வரைபடத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. பக்கத்தில் வலது என்றால் கைக்கும் வலதாகவே இருக்கணும். வடக்குக்கு மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி போதும்.

மாதிரிப் பிரதியை ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். தாள் தாங்கியது, மை கலைந்து லபார்ஜ் ஏரிக்கரையே நீலத் திட்டாகிவிட்டது. மனசு உடைந்துபோச்சு. வேறு அச்சகம், வேறு மை. இந்த முறை அசையவில்லை.

மணல்திட்டுகள் வருஷாவருஷம் இடம் மாறும் என்று எச்சரித்தவர்களுக்கு நன்றி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நான் அந்தப் பகுதியைப் பார்த்த மாதமும் வருஷமும் இருக்கும். முதலில் 200 பிரதிகள்தான் அடிக்கிறேன்.