ஆர்சி விமானத்தில் நண்பருக்கு நிலத்தைப் படம் எடுத்துக் கொடுக்கலாமா? (அமெரிக்கா)

சிறகன்:
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஆறு வருடமாக ஆர்சி விமானம் (ரிமோட்டில் ஓட்டும் சின்ன விமானம்) விடுகிறேன். கையில் இருப்பது மூன்று பவுண்டு எடையுள்ள ஃபோம் பிளேன், மூக்கில் ஒரு சின்ன கேமரா. எஃப்ஏஏவில் (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) பொழுதுபோக்குப் பதிவு எண் வாங்கியிருக்கிறேன், பொழுதுபோக்காக விடுபவர்கள் எழுத வேண்டிய ட்ரஸ்ட் பாதுகாப்புத் தேர்வும் முடித்துவிட்டேன். இதுவரை கிளப் மைதானத்தைத் தாண்டி எங்கும் விட்டதில்லை.

நண்பர் ஒருவர் ரியல் எஸ்டேட் தொழிலில் இருக்கிறார். 12 ஏக்கர் நிலம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, விளம்பரத்துக்கு மேலிருந்து நாலு படம் எடுத்துத் தா என்கிறார். பணம் எதுவும் வாங்கப் போவதில்லை. அப்படியென்றால் இது பொழுதுபோக்குதானே? அதோடு, இது நாலு விசிறி வைத்த ட்ரோனும் இல்லை. ட்ரோன் விதிகள் இதற்கும் வருமா?

மேகலா:
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வரும். இறக்கை இருந்தாலும் விசிறி இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஆளில்லா விமானம்தான்.

முதல் கேள்வியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். காசு கைமாறியதா என்று மட்டும் பார்ப்பதில்லை, எதற்காகப் பறக்கவிட்டீர்கள் என்று பார்ப்பார்கள். பொழுதுபோக்குச் சலுகை, முழுக்க முழுக்க பொழுதுபோக்குக்காகவே விடும் பறப்புக்கு மட்டும். நிலத்தை விற்க உதவும் படம் அதில் அடங்காது, இலவசமாகக் கொடுத்தாலும். பக்கத்து வீட்டுக்காரரின் கூரையில் ஓடு பெயர்ந்திருக்கிறதா என்று உதவிக்காகப் பார்த்துச் சொன்னால்கூட அது பார்ட் 107 (பொழுதுபோக்கு அல்லாத பறப்புக்கான எஃப்ஏஏ விதி) கணக்குதான்.

அதனால் உங்களுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். 16 வயது நிரம்பியிருந்தால் போதும், குடியுரிமை தேவையில்லை. தேர்வில் 60 கேள்விகள், இரண்டு மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 175 டாலர். ஆர்சி அனுபவம் உங்களைத் தேர்வில் காப்பாற்றாது, வான்வரைபடம் படிக்கத் தெரிவதுதான் காப்பாற்றும். விமான நிலைய வான்வெளியைக் காட்டும் நீலப் புள்ளிக்கோடு எங்கே, மெஜந்தா புள்ளிக்கோடு எங்கே என்று கண் தானாகப் பிரித்துப் பார்க்கும் வரை உட்கார்ந்து பழகுங்கள்.

பழையகை:
தம்பி, உங்கள் குழப்பம் புதிதில்லை. எஃப்ஏஏ 1981இல் மாடல் விமானங்களுக்கென்று ஒரு சுற்றறிக்கை விட்டது: 400 அடிக்குக் கீழே விடுங்கள், குடியிருப்புகளை விட்டுத் தள்ளி விடுங்கள் என்கிற மாதிரி. வணிகத்துக்குப் பறப்பவர்கள் அந்த நிழலில் ஒதுங்க முடியாது என்று 2007இல் அறிவித்தார்கள்.

2011இல் ரஃபேல் பிர்க்கர் என்பவர் உங்களைப் போலவே ஒரு ஃபோம் பிளேனை வைத்து வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்தில் விளம்பரத்துக்காக வீடியோ எடுத்தார். 10,000 டாலர் அபராதம் போட்டார்கள். 2014 மார்ச்சில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்ததும் எங்கள் கிளப்பில் எல்லோரும் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். அதே வருடம் நவம்பரில் மேல்முறையீட்டில் தலைகீழாகிவிட்டது: மாடலாக இருந்தாலும் அது விமானம்தான், பொறுப்பில்லாமல் ஓட்டினால் விதி பாயும் என்றார்கள். கடைசியில் 1,100 டாலருக்கு சமரசம். 2016 ஆகஸ்ட் 29 அன்று பார்ட் 107 நடைமுறைக்கு வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தனியாக விலக்கு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தோம். இப்போது ஒரு தேர்வோடு கதவு திறக்கிறது, தயங்காமல் எழுதிவிடுங்கள்.

கரையோரம்:
யாரும் சொல்லாத ஒன்று. நீங்கள் எச்1பி விசாவில் இருந்தால், பார்ட் 107 சான்றிதழ் கையில் இருந்தாலும் பக்க வருமானம் பார்க்க முடியாது. அந்த விசா ஸ்பான்சர் செய்த நிறுவனத்தின் வேலைக்கு மட்டும். எஃப்ஏஏ விதி வேறு, குடிவரவு விதி வேறு. பணம் வாங்கும் எண்ணம் பிறகு வந்தால் முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

சிறகன்:
மேகலா அக்கா, பழையகை அண்ணா, கரையோரம், மூவருக்கும் நன்றி. நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்கிறேன். நண்பரிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டேன். வரைபடத்தில் பார்த்தால் நிலம் ஒரு சின்ன விமான நிலையத்தின் நீலப் புள்ளிக்கோட்டு வட்டத்துக்குள் விழுகிறது. அப்படியென்றால் கைவிட வேண்டியதுதானா? பறக்கும்போது விமானத்தின் அடையாளத்தையும் இடத்தையும் ஒலிபரப்பும் ரிமோட் ஐடியும் என் விமானத்தில் இல்லை.

மேகலா:
கைவிட வேண்டாம். அது கிளாஸ் டி வான்வெளி, அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையத்தைச் சுற்றிய பகுதி; முன் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். லான்ஸ் (எஃப்ஏஏவின் தானியங்கி வான்வெளி அனுமதி முறை) வசதி உள்ள ஏதாவது செயலியில் இடத்தையும் நேரத்தையும் உயரத்தையும் கொடுங்கள். எஃப்ஏஏ வரைபடத்தில் உங்கள் இடம் விழும் கட்டத்துக்குக் குறித்த உயரத்துக்குள் கேட்டால் பெரும்பாலும் உடனே பதில் வந்துவிடும். கட்டத்தில் பூஜ்யம் என்றிருந்தால் தனி விண்ணப்பம், அதற்கு நாள் பிடிக்கும்.

ரிமோட் ஐடி இல்லாமல் இத்தனை நாள் ஓடியது உங்கள் கிளப் மைதானம் எஃப்ஏஏ அங்கீகரித்த இடமாக இருந்ததால்தான் இருக்கும். வெளியே வந்தால் ஒலிபரப்பு மாடியூல் பொருத்தியாக வேண்டும். அப்புறம் பதிவு. பொழுதுபோக்கில் ஒரே எண்ணை எல்லா விமானத்திலும் ஒட்டுவோம். பார்ட் 107இல் ஒவ்வொரு விமானத்துக்கும் தனிப் பதிவு, 5 டாலர், மூன்று வருடம் செல்லும். மாடியூலின் வரிசை எண்ணையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

கேமரா காட்சியைக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டுவீர்களா? அப்படியானால் விமானத்தை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவர் உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பழையகை:
கிளப் காப்பீடு இந்த வேலைக்குச் செல்லுமா என்று பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள். பொழுதுபோக்குக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் தனியாக ஒன்று எடுப்பது நல்லது. மூன்று பவுண்டு ஃபோம் என்றாலும் அதன் மூக்கில் மோட்டார் சுற்றுகிறது.

சிறகன்:
தாமதத்துக்கு மன்னிக்கவும், ஐந்து வாரம் ஆகிவிட்டது. 60இல் 53 சரி. தற்காலிகச் சான்றிதழ் வந்துவிட்டது. எங்கள் கட்டத்தில் 200 அடி வரை அனுமதி என்றிருந்தது, லான்ஸில் கேட்ட ஒரு நிமிடத்துக்குள் குறுஞ்செய்தி வந்தது. சனிக்கிழமை காலை தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விட்டேன்.

முதல் சுற்றில் எல்லாப் படத்திலும் விசிறியின் நிழல் கோடு கோடாக விழுந்திருந்தது. கேமராவை இடது இறக்கைக்கு மாற்றி, வலது பக்கம் அதே எடைக்கு ஈயக்கட்டி ஒட்டி, விரல் நுனியில் தூக்கிச் சமநிலை பார்த்து மறுபடி விட்டேன். இந்தத் தடவை ஓடைக்கரையும் வேலி மூலையும் தெளிவாக விழுந்திருக்கின்றன. வாலில் ஒட்டியிருந்த பழைய எண்ணை முந்தின நாள் இரவே உரித்துவிட்டு, புது எண்ணை மார்க்கரில் எழுதிவிட்டேன்.