1931-ஐ விழுங்கிவிட்டு ஒரு வரலாற்று உரை

கடைசிவரிசை:
நேற்று மாலை மயிலாப்பூரில் ஒரு கலை மன்றத்தில் பரதநாட்டிய வரலாறு பற்றி உரை. பேசியவர் கூசாமல் சொல்கிறார்: 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரா என்ற நடனப் பள்ளி வந்திராவிட்டால் இந்த நடனம் மேடையே ஏறியிருக்காதாம். கைதட்டல் வேறு. 1931 மார்ச் 15 அன்று திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களைச் சென்னை மியூசிக் அகாடமி என்ற இசைச் சபை ஆட வைத்ததே, அது என்ன கணக்கில் வரும்? ஐந்து வருஷத்தை அப்படியே விழுங்கிவிட்டார்.

ஆலமரத்தடி:
ஒரு நாள் நிகழ்ச்சியும் ஒரு நிறுவனமும் ஒன்றா? இன்றைக்கு நாம் பார்க்கும் உடை, ஒளியமைப்பு, நாட்டிய நாடகம், எந்த வீட்டுப் பெண்ணும் சேர்ந்து படிக்க ஒரு பள்ளி, இதெல்லாம் எங்கிருந்து வந்தது? அதைத்தான் அவர் மேடை என்றார். தவிர, 1931-இல் அகாடமிக்குச் சொந்தக் கட்டடமே கிடையாது. அரங்கம் திறந்தது 1962-இல். எந்த மேடையைச் சொல்கிறீர்கள்?

கடைசிவரிசை:
சொந்தக் கட்டடம் இருந்தால்தான் மேடையா? அப்படியென்றால் கலாக்ஷேத்திரா மட்டும் இன்று இருக்கும் திருவான்மியூரிலா பிறந்தது? அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில்தானே ஆரம்பித்தார்கள். ருக்மிணி தேவி அரங்கேறியதே 1935 டிசம்பரில். அதற்கு முன்பே, 1933-இல், அகாடமியில் சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) பார்த்த பிறகுதான் அவருக்கு இதில் நாட்டமே வந்தது. இந்த நடனத்தை அகாடமி மேடைக்குக் கொண்டுவரப் பாடுபட்ட இ. கிருஷ்ணய்யர் என்று ஒரு வக்கீல் இருந்தார், தானே பெண் வேடம் கட்டி ஆடிக் காட்டினார். ஒன்றரை மணி நேர உரையில் அவர் பெயர் ஒரு தடவையாவது வந்ததா? 1931. மறுபடி சொல்கிறேன், 1931.

மோர்மிளகாய்:
உரையை விடுங்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் மைக்கை வாங்கிக்கொண்டு தன் பெண்ணின் அரங்கேற்றத்தைப் பற்றிப் பேசினாரே, அதை யாரும் கேட்க மாட்டீர்களா? மணி அடித்தும் நிறுத்தவில்லை. மைக் வைத்திருந்த பையன் கையை நீட்டியபடியே நின்றான், பாவம். அப்புறம், தமிழ் நடனத்தைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்ல எதற்கு முழுக்க ஆங்கிலம்?

ஆலமரத்தடி:
மைக்கை வாங்கியவர் யார் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்குமே :)

கடைசிவரிசை:
நான் கேட்டது கேள்வி. மணி அடித்தது எனக்கு அல்ல, எனக்கு அடுத்தவருக்கு. போன மாதம் நடனக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு 1975-இல் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கொடுத்தார்கள் என்று எழுதியவர்தானே நீங்கள்? 1973 ஐயா. அதை இன்றுவரை திருத்தவில்லை. ஆண்டு விஷயத்தில் நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆலமரத்தடி:
அது தட்டச்சுப் பிழை. எத்தனை நாள் இதையே வைத்துக்கொண்டு ஓட்டுவீர்கள்?

தம்புரா:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அன்று ஆடிய ராஜலட்சுமி, ஜீவரத்தினம் பெயரை இவ்வளவு நேரத்தில் ஒருவராவது எழுதினீர்களா? "கல்யாணியின் மகள்கள்" என்றே போகிறது. நட்டுவனார் (நடன ஆசான்) பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இரு பக்கத்துக்கும் பொது. இந்தப் பெண்களும் ருக்மிணி தேவியும் அவரிடம்தான் கற்றார்கள். நட்டுவனார் குடும்பங்களை ஓரமாக வைத்துவிட்டு அகாடமியா கலாக்ஷேத்திராவா என்று சண்டை.

ஆலமரத்தடி:
சரி, நட்டுவனார்களை நான் எங்கே மறுத்தேன்? ஆனால் கலாக்ஷேத்திராவுக்கு நாடாளுமன்றமே 1993-இல் தனிச் சட்டம் போட்டது. சும்மாவா?

கடைசிவரிசை:
சட்டம் 1993-இல் வந்தால் 1931 இல்லாமல் போய்விடுமா? தம்புரா, பெயர்களை எழுத இருந்தேன், அதற்குள் மைக் கதையை ஒருவர் இழுத்துவிட்டார். நான் நேற்று கேட்டதும் இதைத்தான்: 1931-ஐ ஏன் விட்டீர்கள்? "நேரமின்மை" என்றார் பேச்சாளர். தன் வெளிநாட்டுப் பயணப் படங்களைக் காட்ட மட்டும் நேரம் இருந்தது.

மோர்மிளகாய்:
அப்போ மைக்கை வாங்கினது நீங்கள்தான்.

கடைசிவரிசை:
கேள்வி கேட்க வாங்கினேன். அரங்கேற்றம் பேசியவர் வேறு. அடுத்த வாரமும் அதே மன்றத்தில் அதே ஆள் பேசுகிறார். முதல் வரிசையிலேயே உட்காரப் போகிறேன்.

ஆலமரத்தடி:
வாருங்கள். 1962-க்கு முன் அகாடமி எந்தக் கட்டடத்தில் இருந்தது என்பதையும் எழுதி எடுத்து வாருங்கள்.