நின்று ஓட்டினால் தோளுக்கு வேலையே இல்லையா?

செம்மண்48:
மண் டிராக்கில் மேடு தாண்டி பைக் ஓட்டுகிற மோட்டோகிராஸ் பற்றி நேற்று கிளட்ச்மணி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அப்படியே தருகிறேன்: "மோட்டோகிராஸில் நின்று ஓட்டினால் தோளுக்கு வேலையே இல்லை. 45 தாண்டியவர்கள் தோள் வலி என்பதெல்லாம் பயத்துக்கு வைத்த பெயர்." வேலையே இல்லையாம்! எனக்கு வயது 48. மூன்று வருடம் முன்னால் டேபிள்டாப் என்கிற தட்டையான மேட்டில் தாண்டல் குறைந்துபோய், முன் சக்கரம் விளிம்பில் இடித்து, வலது தோளில் விழுந்தேன். இன்றைக்கும் பனியன் கழற்ற இடது கைதான். ஹெல்மெட்டுக்குப் பின்னால் காகிள்ஸ் பட்டையைச் சரிசெய்ய வலது கை எட்டாது. பையன்தான் மாட்டிவிடுகிறான், அதையும் முறுக்கித்தான் மாட்டுவான். ஆனாலும் ஞாயிறு தவறாமல் டிராக்கில் இருக்கிறேன். இதற்குப் பெயர் பயமா?

கிளட்ச்மணி:
அண்ணா, முழுதாகப் படித்துவிட்டுப் பேசுங்கள். முழங்காலால் வண்டியை இறுக்கிப் பிடித்து, எடையைக் கால் வைக்கிற ஃபுட்பெக்கில் வைத்தால் கை ஹேண்டில்பாரில் சும்மா கிடக்கும் என்றேன். ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஓட்டினால் தோள் மட்டுமா, பல்லும் வலிக்கும்.

செம்மண்48:
"வேலையே இல்லை" என்று எழுதினீர்களா, இல்லையா? வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கிற இடத்தில் வரிசையாகக் குழி விழுந்திருக்கும். அங்கே உடம்பு மொத்தமும் முன்னால் பாயும். அதைத் தாங்குவது யார், உங்கள் மாமாவா? ஆக்ஸிலேட்டரும் வலது கை, முன் பிரேக்கும் வலது கை. எனக்கு அடிபட்டதும் வலது.

பிசியோ_மதுரை:
ஒரு நிமிடம். விழுந்தபோது தோள் மூட்டு விலகியதா, காறை எலும்பின் நுனியில் இருக்கிற ஏசி மூட்டா? இரண்டும் வேறு வேறு. ஏசி மூட்டுக் காயத்தை ஆறு வகையாகப் பிரிப்பார்கள். மூன்றாம் வகைக்கு ஆபரேஷன் தேவையா என்று டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. தோள் மூட்டே விலகியது என்றால் கதை வேறு. சின்னப் பையன்களுக்கு மறுபடி மறுபடி விலகும். 40க்கு மேல் கூடவே தோள் மூட்டைச் சுற்றிப் பிடிக்கிற ரொட்டேட்டர் கஃப் தசைநாரும் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். எது என்றே சொல்லாமல் இரண்டு பேரும் எதற்குச் சண்டை போடுகிறீர்கள்?

கிளட்ச்மணி:
ஏசி மூட்டா? எங்கள் ஏரியாவில் ஃபேனுக்கே கரண்ட் இல்லைங்க.

செம்மண்48:
தோள் என்றால் தோள்தான் மேடம். மணி, நழுவாதீர்கள். வேலையே இல்லையா?

கிளட்ச்மணி:
அமெரிக்க ரேஸர் ஈலை டோமாக் 2015இல் இரண்டு தோளையும் கெடுத்துக்கொண்டார். அப்புறம் 2020, 2022 இரண்டிலும் ஸ்டேடியத்துக்குள் மண் போட்டு நடத்துகிற 450சிசி சூப்பர்கிராஸில் சாம்பியன். பனியன் கழற்ற முடியவில்லை என்று எங்கேயும் எழுதவில்லை.

செம்மண்48:
விழுந்தபோது டோமாக்குக்கு 22 வயது! சீசனையே விட்டுவிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள அவருக்குப் பின்னால் ஒரு டீமே இருந்தது. எனக்குத் திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேண்டும். 2021 டக்கார் பாலைவன ரேலியில் நம் பெங்களூர் ரேஸர் சி.எஸ். சந்தோஷ் விழுந்தாரே, தலையில் அடி, தோளும் விலகியது. அப்போது அவருக்கு 37. அவருக்கும் நின்று ஓட்டத் தெரியாதா?

கிளட்ச்மணி:
டக்கார் ரேலி. இங்கே பேச்சு மோட்டோகிராஸ். இதுகூடவா தெரியாது?

பழைய_ரோட்கிங்:
சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் முழங்காலுக்கு நீ-பிரேஸ் கிடையாது, நெஞ்சுக்கு செஸ்ட் கார்டு கிடையாது. விழுந்தால் எழுந்து தட்டிவிட்டுக்கொள்வோம். இப்போது எல்லாம் சொகுசு.

செம்மண்48:
ஐயா, அது ஓடுதளம். நாங்கள் மண்ணைப் பற்றிப் பேசுகிறோம்.

பழைய_ரோட்கிங்:
மண்ணா? அந்த மணிப் பையன் ஓட்டுவது ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக். 150 கிலோவுக்கு மேல். அது மோட்டோகிராஸ் வண்டியா, மாட்டு வண்டியா?

கிளட்ச்மணி:
எக்ஸ்பல்ஸில் நான் தாண்டுகிற டபிளை, அந்த இரட்டை மேட்டை, உங்கள் பழைய ரோட்கிங் பைக்கில் தாண்டிக் காட்டுங்கள். எல்லாருக்கும் செம்மண் சேகர் அண்ணன் மாதிரி நூறு கிலோ கேடிஎம் மோட்டோகிராஸ் வண்டி இறக்குமதி செய்யக் காசு இருக்காது.

செம்மண்48:
இரண்டாம் கையில் வாங்கினேன். கடன் இன்னும் ஓடுகிறது. சரி, அதை விடுங்கள். உங்கள் பயிற்சி வகுப்பில் "முழங்கையைத் தூக்கு, முழங்கையைத் தூக்கு" என்று தொண்டை கிழியக் கத்துகிறீர்கள். தோளுக்கு வேலையே இல்லை என்றால் முழங்கையைத் தூக்கிப் பிடிப்பது எது? குறுக்கு எலும்பா? என் வலது முழங்கை தோள் உயரத்தைத் தாண்டினால் ஊசி குத்துகிற மாதிரி இழுக்கும். அதனால் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, முழங்கையைத் தாழ்த்தித்தான் ஓட்டுகிறேன். ஸ்டைல் அசிங்கமாகத்தான் இருக்கும். லேப் டைமில் மூன்று நொடி போச்சு. போகட்டும்.

கிளட்ச்மணி:
பார்த்தீர்களா, முழங்கை தாழ்ந்திருக்கிறது. தப்பாக ஓட்டினால் வலிக்கத்தான் செய்யும். நான் சொன்னதைத்தான் நீங்களே சொல்கிறீர்கள்.

செம்மண்48:
வலிப்பதால் தாழ்த்துகிறேன் ஐயா! தாழ்த்துவதால் வலிக்கவில்லை! தமிழ்தானே எழுதுகிறேன்?

பிசியோ_மதுரை:
முழங்கையைத் தூக்கும்போது மட்டும் இழுக்கிறது என்பது முக்கியமான விஷயம். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா? கையைத் தூக்க பலம் குறைந்திருக்கிறதா? ஸ்கேன் எடுத்தீர்களா?

கிளட்ச்மணி:
ஸ்கேன் எதற்கு? சேகர் அண்ணனுக்குத் தோளில் பிரச்சினை இல்லை, என் மேல்தான் பிரச்சினை. போன வருடம் நான் விற்ற நீ-பிரேஸ் விஷயம் இன்னும் மனசில் இருக்கிறது.

செம்மண்48:
இருக்காதா பின்னே? "புதுசு மாதிரி" என்று எழுதி விற்றீர்கள். இடது கால் மேல் பட்டை பிய்ந்து, கறுப்பு நூலால் கையால் தைத்திருந்தது. முதல் நாளே அறுந்தது.

கிளட்ச்மணி:
"புதுசு மாதிரி" என்றால் புதுசு இல்லை என்றுதான் அர்த்தம்.

பழைய_ரோட்கிங்:
அந்தப் பிரேஸை முதலில் எனக்குத்தான் காட்டினான். நான் வாங்கவில்லை.

பிசியோ_மதுரை:
ஸ்கேன்?

செம்மண்48:
எடுத்தாச்சு மேடம், ரிப்போர்ட் பீரோவில் கிடக்கிறது. மணி முதலில் "வேலையே இல்லை"க்குப் பதில் சொல்லட்டும். அப்புறம் பட்டைக்கு.