யாழினிக்கு எந்த குரூப்?

செல்வி: யாழினி பத்தாவதில் 437. தமிழ் 96, கணக்கு 71. நாளை காலை பத்து மணிக்குள் பள்ளியில் பிளஸ் ஒன் படிவம் கொடுக்க வேண்டும். எந்த குரூப் எழுதுவது?

திருச்சி மாமா: வாழ்த்துகள் யாழிக்குட்டி 👏👏

பெரியப்பா: கணக்கும் அறிவியலும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப்தான். இதில் கேட்க என்ன இருக்கிறது?

கமலா அத்தை: இருங்கள் அண்ணா. செல்வி, நிதானமாகப் படி. உயிரியலும் கணக்கும் உள்ள குரூப் எடுத்தால் நீட் எழுதலாம், பொறியியலுக்கும் போகலாம். ஆனால் பொறியியல் கட் ஆஃப் 200ல் கணக்குக்கே 100. இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. தமிழில் எவ்வளவு வாங்கினாலும் அதில் சேராது. கணக்கு வேண்டாம் என்றால் தாவரவியல், விலங்கியல் எடுத்து நீட் எழுதலாம். சட்டப் படிப்புக்கும் சி.ஏ.வுக்கும் எந்த குரூப்பும் போதும். வரலாறு, பொருளியலோடு சிறப்புத் தமிழ் தரும் பள்ளிகளும் உண்டு. முதலில் பிள்ளையைக் கேள்.

மணி: அத்தை 😮

யாழினி: எனக்குச் சிறப்புத் தமிழ்.

பெரியப்பா: தமிழ் படித்து என்ன வேலைக்குப் போவாய்?

கமலா அத்தை: என்னிடமும் இதையேதான் கேட்டீர்கள் அண்ணா. கட்டாயத்துக்கு ஃபர்ஸ்ட் குரூப்பில் இரண்டு வருடம் அழுதேன். அப்புறம் படித்தது தமிழ். வீட்டுக் கடனை அடைத்தது அந்தச் சம்பளம்.

செல்வி: அண்ணி, பழையது வேண்டாமே.

திருச்சி மாமா: அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 300 மதிப்பெண்ணில் 150 தமிழுக்குத்தான்.

பெரியப்பா: சரி, சரி.

யாழினி: பத்தாவது தமிழில் வந்த பாவாணரின் சொல்வளப் பாடத்தை நான் மனப்பாடமே செய்யவில்லை. எல்லாம் பாட்டி தோப்பில் சொன்னதுதான். மாம்பிஞ்சு வடு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னம்பிஞ்சு குரும்பை.

பாட்டி: 🎤 0:21

மணி: பலாப்பிஞ்சு ‘மூசு’ என்பதை விட்டுவிட்டாளாம். பாட்டி கோபம்.

திருச்சி மாமா: வடு என்றதும் ஞாபகம். செல்வி, மாவடு ஊறியிருக்குமே? ஒரு பாட்டில் எடுத்து வை.

செல்வி: போன வருடப் பாட்டிலே இன்னும் திரும்பி வரவில்லை.

கமலா அத்தை: மாவடு அப்புறம். எந்த குரூப் எடுத்தாலும் தமிழை மொழிப்பாடமாகப் படிக்கலாம். யாழினி, சனிக்கிழமை என் வீட்டுக்கு வா. வாரம் ஒரு புறநானூற்றுப் பாட்டு படிப்போம். தெரியாத சொல் வந்தால் உரையைப் பார்க்காதே. முன்னும் பின்னும் படித்துப் பொருளை நீயே ஊகித்து எழுது, பிறகு அகராதி. அப்படிப் பிடித்த சொல் போகவே போகாது.

யாழினி: வருகிறேன் அத்தை ❤️

மணி: நானும் வரலாமா?

கமலா அத்தை: பஜ்ஜிக்கா?

பெரியப்பா: அந்தப் பள்ளியில் சிறப்புத் தமிழ் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

செல்வி: இல்லை மாமா. காலையில்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன எழுதுவது?

பெரியப்பா: நானும் வருகிறேன். அங்கே பேசிக்கொள்ளலாம்.

கமலா அத்தை: அப்படியென்றால் நானும் வருகிறேன்.

செல்வி: சாதிச் சான்றிதழ் ஒரிஜினல் யாரிடம் இருக்கிறது?

திருச்சி மாமா: என்னிடம் இல்லை.