ஜெர்மன் கேமரா கம்பெனி லைக்கா தன்னை எப்படி விற்க வேண்டும்?

ஒளித்துளை:
லைக்கா விளம்பரங்களில் சிவப்புப் புள்ளி லோகோ தெரிகிறது, தோல் வார் தெரிகிறது. கேமரா என்ன செய்யும் என்பது மட்டும் தெரிவதில்லை. போதாக்குறைக்கு லிமிடெட் எடிஷன்கள் வேறு. 2014-இல் திரையே இல்லாத டிஜிட்டல் கேமராவை 'எடிஷன் 60' என்று வெளியிட்டார்கள், மொத்தம் 600 செட். அலமாரியில் பூட்டி வைக்கத்தான் அது உதவும்.

லைக்காவின் 'எம்' வரிசைக் கேமராவின் வ்யூஃபைண்டரில் ஒருமுறை கண் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன வெளிச்சக் கட்டம். அதில் எதிரே நிற்பவர் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றாகிவிடும், அங்கேதான் ஃபோகஸ். 50 மிமீ லென்ஸ் போட்டிருந்தால் படத்தின் எல்லையைக் காட்டும் ஃப்ரேம் கோட்டுக்கு வெளியேயும் நிறைய இடம் தெரியும். ஒருவர் படத்துக்குள் நுழையும் முன்பே அவர் வருவதைப் பார்த்துவிடலாம். இதைப் பத்து நொடி வீடியோவாகக் காட்டினாலே போதும்.

குறிஞ்சி35:
நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2005-இல் வங்கிகள் கடன் வரம்பைக் குறைத்து, கம்பெனி மூழ்கும் நிலைக்கு வந்தது. வ்யூஃபைண்டரின் அருமை தெரிந்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்களால் மட்டும் கம்பெனி பிழைக்கவில்லை. முதலீட்டாளர் ஆண்ட்ரியாஸ் காஃப்மன் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தினார். 2016-இல் ஹுவாவே பி9, 2022-இல் ஷாவ்மி என்று போன்களில் லைக்காவின் பெயர் ஏறியது. என் தங்கைக்கு லைக்கா என்ற பெயரே போன் வழியாகத்தான் தெரியும்.

ஒளித்துளை:
பெயர் தெரியும், சரி. அந்தப் பெயரைப் பற்றி அவருக்கு வேறு என்ன தெரியும்? படத்தின் அடியில் விழும் எழுத்து என்பதற்கு மேல் எதுவும் போய்ச் சேரவில்லை என்றால், அந்த வேலை பாதியில் நிற்கிறது.

பழையலென்ஸ்:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என்னிடம் இருப்பது 1960-களின் லைக்கா லென்ஸ், சம்மிக்ரான் 50, செகண்ட் ஹேண்ட். வாங்கியபோது உள்ளே கிரீஸ் காய்ந்து, ஃபோகஸ் வளையம் அசையவே இல்லை. பிரித்துச் சுத்தம் செய்த பிறகு வெண்ணெய் மாதிரி சுழல்கிறது. இன்று அதை டிஜிட்டல் எம்மில் மாட்டித்தான் படம் எடுக்கிறேன். 1954-இல் எம்3 கேமராவோடு வந்த, லென்ஸ் மாட்டும் மவுண்ட் இன்றும் அதேதான். ஒரு முறை வாங்கினால் பேரப்பிள்ளை வரை ஓடும் என்று சொல்ல எத்தனை கேமரா கம்பெனிகளால் முடியும்? ஜெர்மனியின் வெட்ஸ்லரிலும் வியன்னாவிலும் பழைய லைக்காக்களை லைக்கா கம்பெனியே விற்கிறது. ஆனால் அது சேகரிப்பவர்களுக்கான இடமாகவே இருக்கிறது. முதல் லைக்கா வாங்க வருகிறவரை முதலில் அங்கே அழைத்துப் போக வேண்டும்.

குறிஞ்சி35:
இது நல்ல யோசனை, மறுக்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த எம்11-பி கேமரா, படம் எடுக்கும்போதே அது எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது, பிறகு யாராவது திருத்தினார்களா என்று சரிபார்க்க உதவும் டிஜிட்டல் சான்றைச் சேர்த்துவிடுகிறது. ஏஐ படங்கள் குவியும் காலத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர்களிடம் இதைத்தான் முதலில் கொண்டுபோக வேண்டும். ஆனால் போனிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள்.

ஒளித்துளை:
சரி, பெயர் இருக்கட்டும். அந்தப் பெயரைப் பார்த்து உங்கள் தங்கை கடைக்கு வந்தால், கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்க வைக்காமல், ஒரு எம்மைக் கையில் கொடுத்து ஒரு மணி நேரம் தெருவில் நடந்துவிட்டு வரச் சொல்லட்டும்.

குறிஞ்சி35:
அவளுக்கு ஆட்டோஃபோகஸ் வேண்டும். அது உள்ள லைக்கா 'க்யூ' கேமராவைக் கொடுக்கட்டும்.