கலைச்சொல் விவாதம்: 'விட்ஜெட்' – அளவைச் சொல்வதா, இருப்பைச் சொல்வதா?

அன்பான குழுவினருக்கு வணக்கம்.

வருகையாளர் எண்ணிக்கை போன்றவற்றைக் காட்ட இணையப் பக்கத்தில் சேர்க்கப்படும் சிறு பகுதியே விட்ஜெட். உதவிப் பக்கத்தில் உள்ள "விட்ஜெட் தெரியவில்லை" என்ற பகுதியைத் தமிழாக்க எந்தச் சொல்லை ஆள்வது என்று அம்மா கேட்டிருந்தீர்கள். குறுங்கருவி, சிறுசெயலி, நிரல்துண்டு ஆகிய மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. மூன்றும் அளவைத்தான் சொல்கின்றன. ஒரு விட்ஜெட் தெரியாமல் போகும்போது அது சிறியது என்ற செய்தியால் பயனருக்கு ஒரு பயனும் இல்லை; அது வேறொரு வழங்கியிலிருந்து, அதாவது பக்கங்களையும் நிரல்களையும் அனுப்பித்தரும் வேறொரு கணினியிலிருந்து, வந்து நம் பக்கத்தில் பதிந்து இயங்குவது என்ற செய்திதான் அவருக்குக் கைகொடுக்கும். ஆகவே 'பதிகருவி' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இதை ஒரு மெய்யான சிக்கலை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் பல்லாண்டுகளாக இயங்கும் ஒரு வலைப்பூவின் பக்கப்பட்டையில் வருகையாளர் எண்ணிக்கை காட்டும் விட்ஜெட் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 2016 மே மாதத்தில் அச்சேவையின் பிளாக்ஸ்பாட் முகவரிகள் அனைத்துக்கும், தரவை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் வசதி வந்தது. எல்லா வருகையாளரையும் அந்தப் பாதுகாப்பான முகவரிக்கே திருப்பிவிடும் அமைப்பை உரிமையாளர் இயக்கியதும், விட்ஜெட்டின் தலைப்பு மட்டும் நின்று, அதன்கீழ் வெற்றிடம் தெரிகிறது. அவர் வார்ப்புருவை (பக்கத்தின் வடிவமைப்பை) மாற்றிப் பார்ப்பார், விட்ஜெட்டை நீக்கிவிட்டு மீண்டும் சேர்ப்பார், உலாவி சேமித்துவைத்த நகல்களான இடைமாற்றை அழிப்பார். எதுவும் பலிக்காது, ஏனெனில் பழுது வார்ப்புருவில் இல்லை. எஃப்12 விசையை அழுத்தி, உலாவி தன் பிழைச்செய்திகளைக் காட்டும் கன்சோலைத் திறந்தால், கலப்பு உள்ளடக்கம் தடுக்கப்பட்டது என்று உலாவி எழுதிவைத்திருப்பதைக் காணலாம். பக்கம் எச்டிடிபிஎஸ் வழியே வருகிறது. விட்ஜெட்டின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலோ, மறையாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி முகவரியிலிருந்து அழைக்கப்படுகிறது. பாதுகாப்பற்ற வழியில் வரும் நிரலை இடையில் எவரும் மாற்றிவிட முடியும் என்பதால், பயர்பாக்ஸ் 2013இல் வெளிவந்த 23ஆம் பதிப்பிலிருந்தே இத்தகைய நிரல்களை இயல்பாகத் தடுத்துவருகிறது. வெறும் படமாக வரும் எண்ணிக்கைக் காட்டிகளை அப்போது அது தடுக்கவில்லை. ஒரே பக்கப்பட்டையில் ஒன்று தெரிந்து மற்றொன்று மறைந்த மர்மத்துக்கு அதுவே விடை.

சேவை வழங்குபவர் எச்டிடிபிஎஸ் வழியிலும் அந்த நிரலைத் தருவாரானால், முகவரியில் 'எஸ்' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தாலே போதும். தராவிட்டால் விட்ஜெட்டைக் கைவிடுவதைத் தவிர வழியில்லை.

"குறுங்கருவி தெரியவில்லை" என்று படிப்பவர் தம் தளத்துக்குள்ளேயே பழுதைத் தேடுவார். "பதிகருவி தெரியவில்லை" என்று படிப்பவருக்கோ, 'எங்கிருந்து வந்து பதிகிறது?' என்ற கேள்வி இயல்பாக எழும். உலாவியில் சேர்த்த விளம்பரத் தடுப்பு நீட்சி அந்த வெளி முகவரியைத் தடுத்திருந்தாலும், தன்னைப் பிற தளங்களின் சட்டகத்துக்குள் (ஒரு பக்கத்துக்குள் வேறு பக்கத்தைக் காட்டும் பகுதிக்குள்) காட்டக் கூடாது என்று வழங்கியே மறுத்திருந்தாலும் அதே கேள்விதான் விடைக்கு இட்டுச்செல்லும். தனக்குரிய இடம் பக்கத்தில் உருவாகும் முன்பே நிரல் ஓடிவிடுவதும் உண்டு. அதற்குச் சொல் உதவாது, நிரலின் வரிசையை மாற்றத்தான் வேண்டும்.

பொத்தான், உருள்பட்டை போன்றவற்றையும் ஆங்கிலத்தில் விட்ஜெட் என்கிறார்களே என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். யூனிக்ஸ் கணினிகளில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சாளர முறைமைக்கான கருவித்தொகுப்பு 1980களில் எம்ஐடியில் உருவானபோது நிலைபெற்ற வழக்கு அது. அவற்றை 'இடைமுகக் கூறு' என்றாலே விளங்கும். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தது என்பதற்காக நாமும் அடைக்க வேண்டியதில்லை.

'பொதிகருவி' என்றும் எண்ணிப் பார்த்தேன். 'உட்பொதி' என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் அது பொருந்தும்தான். ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் தமிழாக்கத்தில், மென்பொருளை நிறுவுவதற்கான தொகுப்பாகிய பேக்கேஜைப் பொதி என்கிறோம். 'பொதியை நிறுவுக' என்ற கட்டளைக்குப் பக்கத்தில் பொதிகருவியும் நின்றால் குழப்பமே மிஞ்சும்.

மறுமொழி:

ஐயா, வணக்கம். விளக்கம் ஏற்புடையது. ஆயினும் ஓர் ஐயம். பதிகருவி வினைத்தொகை, பதிந்த கருவி என்றும் விரியும், பதிக்கும் கருவி என்றும் விரியும். ஒலியைப் பதிவுசெய்யும் கருவி என்று எவரேனும் கொண்டுவிட்டால் என்ன செய்வது?

மறுமொழி:

அம்மா, ஐயம் நியாயமானது. மென்பொருளுக்குக் கூடுதல் வசதி தரும் பிளக்கினைக் குறிக்கும் செருகுநிரல் என்ற சொல்லிலும் இதே இரட்டைப் பொருள் உண்டு. அது செருகப்படும் நிரல். எதையும் செருகும் நிரலன்று. இருந்தும் அந்தப் பொருளில் அது தடுமாற்றமின்றி வழங்குகிறது. ஒலிப்பதிவுக் கருவியில் 'பதிவு' என்ற பெயர்ச்சொல் வெளிப்படையாக நிற்பதால் இரண்டும் எளிதில் மோதா. வேற்றுமை உருபுகளும் இடறவில்லை: பதிகருவியை நீக்குக, பதிகருவியின் முகவரி, பதிகருவிகளை வரிசைப்படுத்துக. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "பதிகருவி எனப்படும் விட்ஜெட்" என்று எழுதிவிடலாம்.

உதவிப் பக்கத்துக்கான வரைவு வரி இது: "பதிகருவியின் தலைப்பு மட்டும் தெரிந்து கீழே வெறுமையாக இருந்தால், அதன் நிரல் எந்த முகவரியிலிருந்து அழைக்கப்படுகிறது என்பதையும், அம்முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா என்பதையும் முதலில் பார்க்கவும்." கன்சோலுக்கு 'பணியகம்' என்று சிலர் எழுதுகின்றனர், அது அலுவலகத்தை நினைவூட்டுவதால் இந்த வரைவில் கன்சோல் என்றே விட்டிருக்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம்.