முதியோர் இல்லத்தில் கவனிப்பு எப்படி இருக்கிறது என்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?

சிங்காநல்லூர்க்காரன்:

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை, கால் இரண்டும் வேலை செய்யவில்லை. பேச்சு பாதிதான் வருகிறது, சாப்பாடு மூக்கு ட்யூப் வழியாக, யூரினுக்கும் ட்யூப். ஏஜென்சி மூலம் வீட்டுக்கு ஆள் வைத்துப் பார்த்தோம். ஒருவர் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார், நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் படுத்த படுக்கையாக இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இல்லங்களைத் தேடிக் கோவையைச் சுற்றி அலைந்துகொண்டிருக்கிறேன்.

எல்லா இடத்திலும் காட்டுவது ஒரே மாதிரிதான். டைல்ஸ் போட்ட வரவேற்பறை, பிள்ளையார் சிலை, சிசிடிவி, வாசலில் ஆம்புலன்ஸ். ராத்திரி அம்மா வாந்தி எடுத்தால் யார் வருவார்கள் என்று கேட்டால் "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார்" என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை.

ஓர் இடத்தில் மேனேஜர் கீழ்த்தளத்தை மட்டும் சுற்றிக் காட்டினார். நடமாடுகிறவர்கள், டிவி, கேரம் போர்டு. எழுந்திருக்க முடியாதவர்கள் எங்கே என்றேன். மேலே கிளீனிங் நடக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். முடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லி அங்கேயே இருந்துவிட்டேன். அப்புறம் வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனார். நீளமான ஹாலில் வரிசையாகக் கட்டில்கள், மூக்கைத் துளைக்கும் பினாயில் வாசனை. ஒரு பாட்டியின் யூரின் பேக் நிரம்பித் தரையில் கிடந்தது. தண்ணீர் பாட்டில் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் ஜன்னல் திட்டில். என்னைப் பார்த்ததும் அந்தப் பாட்டி பாட்டிலைக் காட்டிக் கையை அசைத்தார். எடுக்கப் போனேன், "குடுக்காதீங்க சார், பொறை ஏறிடும்" என்று தடுத்தார்கள். சரி, புரை ஏறும் என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் இவருக்கு யார், எப்போது, எப்படித் தண்ணீர் கொடுப்பார்கள் என்று கேட்டேன். அங்கே நின்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த இடம் வேண்டாம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் எல்லா இடத்திலும் இப்படிக் கண்ணில் படும்படி நடக்காதே. உள்ளே சேர்த்தவர்கள், உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற செவிலியர், மதுரை:

தம்பி, ஜிஎன்எம் என்ற நர்சிங் படிப்பு படித்து அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு தனியார் இல்லங்களிலும் டியூட்டி பார்த்தவள் நான். முதலில் குதிகாலைப் பாருங்கள். இல்லத்தில் இருக்கும் யாரையாவது பார்க்க அவர்கள் குடும்பத்தார் வந்திருந்தால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு போர்வையைக் காலடியில் கொஞ்சம் விலக்கினால் போதும்.

மல்லாந்தே கிடப்பவருக்கு உடம்பின் பாரமெல்லாம் குதிகாலிலும், முதுகு முடியும் இடத்து எலும்பிலும் அழுந்தும். ஒருக்களித்தே கிடந்தால் இடுப்பெலும்பில். சதை இல்லாத இடம், ரத்த ஓட்டம் நின்றுவிடும். அங்கே சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல தோல் என்றால் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்கும், அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருநீலமாக இருக்கும், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். பல பேர் இதைக் கவனிக்காமல் விட்டு, புண் உடைந்து நாற்றம் வந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

இது வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதுதான் நாங்கள் படித்த பாடம். ஏர் பெட் இருக்கிறது என்று காட்டுவார்கள், குனிந்து அதன் மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள், பாதி இடத்தில் பிளக்கே போட்டிருக்க மாட்டார்கள். ஏர் பெட் ஓடினாலும் திருப்பத்தான் வேண்டும். திருப்பியதை எழுதும் சார்ட்டைக் கேளுங்கள். காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் டிக் இருந்தால் அது உட்கார்ந்த இடத்தில் போட்ட டிக். நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் மத்தியானமே ராத்திரிக்கும் சேர்த்துப் போட்டு வைத்துவிடுவார்கள். சண்டை போட்டுப் பார்த்து, முடியாமல் அங்கிருந்து நின்றுவிட்டேன்.

அப்புறம் ராத்திரிக் கணக்கு. பகலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள், அவர்களும் பெருமையாகச் சொல்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள், அதில் நர்ஸ் யார் என்று கேளுங்கள். ஒருவரைத் திருப்பி, டயப்பர் பார்த்து, விரிப்பை இழுத்துவிட ஆறு நிமிடம் என்று வையுங்கள். 20 பேருக்கு 120 நிமிடம். கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆளின் முறை வந்துவிடும். நடுவில் யாராவது வாந்தி எடுத்தால், விழுந்தால், பிபி இறங்கினால்? உடம்பு கனமானவர்களைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும், ஒரே ஆள் இழுத்தால் தோல் விரிப்பில் உரசிக் கிழியும். ஆகவே 20 படுக்கைக்கு ராத்திரி ஒரே ஆயாம்மா என்று சொன்னால், அந்த அம்மா எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் அங்கே புண் வரும். ஆயாம்மாக்கள் மேல் பழி போடாதீர்கள். பன்னிரண்டு மணி நேர டியூட்டி, குறைந்த சம்பளம், மாற்றுக்கு ஆள் வராவிட்டால் அப்படியே அடுத்த ஷிப்டும் பார்க்க வேண்டும். "இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று நாலு பேரிடம் பேச்சுவாக்கில் கேளுங்கள். எல்லோரும் போன மாதம் வந்தவர்கள் என்றால் ஏதோ சரியில்லை.

உங்கள் அம்மாவுக்கு இன்னும் இரண்டு விஷயம். மூக்கு ட்யூபில் ஊற்றும்போது தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். படுக்கப்போட்டு ஊற்றினால் வயிற்றில் போவது மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று இதைக் கண்ணால் பாருங்கள். யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. நீங்கள் பார்த்த அந்தப் பாட்டிக்கு அந்த ஒரு பேக்கினாலேயே இன்ஃபெக்‌ஷன் வரலாம், பாவம்.

போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குச் சொல்லாமல் போங்கள். மேனேஜர் இருக்க மாட்டார், டாக்டர் இருக்க மாட்டார், இல்லத்தின் உண்மையான முகம் அப்போதுதான் தெரியும்.

பெரம்பூர்ப் பெண்:

அக்கா சொன்னதோடு மாத்திரைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு மறதி நோய். வீட்டைவிட்டு வெளியே போய்விடுகிறார் என்பதால்தான் சென்னையில் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருந்தார், காலை பதினோரு மணிக்குக்கூட. எழுப்பினால் வாயோரம் எச்சில் வழிய, குழறிக் குழறிப் பேசுவார். "இப்பல்லாம் ரொம்ப அமைதியா இருக்கார்மா" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்த மனிதர் அவர், எனக்கு அந்த அமைதி பயமாக இருந்தது.

மாத்திரை லிஸ்டை எழுத்தில் கேட்டு வாங்கி, அவருடைய பழைய நரம்பியல் டாக்டரிடம் காட்டினேன். குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்தைப் புதிதாகச் சேர்த்து, டோஸையும் ஏற்றியிருந்தார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறதாம். சில பேருக்கு வேறு வழியில்லாமல் தேவைப்படும், அதை டாக்டர் குடும்பத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டும், ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கொடுக்கக் கூடாது என்று அந்த நரம்பியல் டாக்டர் சொன்னார். அவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். தயவுசெய்து நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

மணிக்கட்டையும் பாருங்கள். கட்டிலில் கட்டி வைத்தால் தழும்பு இருக்கும்.

லெஸ்டரிலிருந்து:

இங்கிலாந்தில் கேர் ஹோமில் கேரராக இருக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில். இங்கே அரசின் சிக்யூசி என்ற அமைப்பு ஆய்வு செய்து நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுக்கும்: மிகச் சிறப்பு, நன்று, முன்னேற வேண்டும், போதாது. அந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம், தரத்தை இல்லத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். "நன்று" வாங்கிய இடத்திலும் மோசமான ராத்திரிகளைப் பார்த்திருக்கிறேன், ஆனாலும் படிக்க ஓர் அறிக்கை இருப்பது பெரிய விஷயம்.

நம்மூரில் அப்படி வெளிப்படையான தரப் பட்டியல் இல்லாததால் பதிவுச் சான்றிதழையாவது கேளுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ததா, எதுவரை செல்லும் என்று பார்த்துவிட்டு, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அந்த இல்லத்தின் மேல் புகார் உண்டா என்று விசாரியுங்கள். உள்ளே இருப்பவருக்கு ஏதாவது கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் 14567, மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண். ஊரில் இருக்கும் என் அத்தையிடம் இதை எழுதியே கொடுத்து வைத்திருக்கிறேன்.

திருச்சி மருமகள்:

எல்லோரும் மோசமானதையே சொல்கிறீர்கள், நல்ல இடமும் இருக்கிறது. என் மாமனார் கடைசி இரண்டு வருடம் இருந்த இடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சாதாரண சிமெண்ட் தரை, பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. என் நாத்தனார் முதல் நாளே முகம் சுளித்தார்.

நான் அங்கே முடிவு செய்தது மத்தியானச் சாப்பாட்டைப் பார்த்துத்தான். ஊட்டிவிடும் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தாத்தாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். குழைத்த ரசம் சாதம், கால் ஸ்பூன்தான் எடுப்பாள். வாயில் வைத்துவிட்டுத் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள், அப்புறம்தான் அடுத்த ஸ்பூன். நடுவில் "இன்னைக்கு வெண்டைக்கா தாத்தா, உங்களுக்குப் புடிக்குமில்ல" என்று பேச்சு. நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. கடைசியில் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து, பல் செட்டைக் கழற்றிக் கழுவினாள். ஒரு ஆளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மாதா மாதம் எடை பார்த்து நோட்டில் எழுதுவார்கள். ஒருமுறை ஒரே மாதத்தில் 58 கிலோவிலிருந்து 55க்கு இறங்கியதும் அவர்களே போன் செய்து டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டார்கள். கெட்ட செய்தியை அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்கிறார்களா என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். கீழே விழுந்தாலும் அன்றைக்கே போன் வந்துவிடும்.

பண விஷயம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸ் திரும்ப வருமா, டயப்பர், ஃபிசியோவுக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்கப் போவது யார்.

சிங்காநல்லூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி அன்னூர்ப் பக்கம் ஓர் இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் போனேன். கேட்டில் தடுக்கவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க என்றார்கள். மேலே 14 பேர், டியூட்டியில் ஒரு நர்ஸ், இரண்டு ஆயாம்மா. ராத்திரிக்கும் அதே மூன்று பேர் கணக்கு என்று ரோஸ்டரைக் காட்டினார்கள். ட்யூபில் ஊற்றும்போது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியிருந்தார்கள். திருப்பும் சார்ட்டில் நீலம், கறுப்பு, வெவ்வேறு கையெழுத்து, ஓர் இடத்தில் காலியாகவும் இருந்தது. ஏன் காலி என்றதற்கு, அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம், ஒரு மணி நேரம் தள்ளித்தான் திருப்பினோம் என்று அந்த நர்ஸ் நேராகவே சொன்னார். மழுப்பாமல் சொன்னது எனக்கு நம்பிக்கையைக் கொடுத்தது. குறை என்றால் ஃபிசியோ வாரத்துக்கு இரண்டு நாள்தான், டாக்டர் தினமும் வருவதில்லை.

முதலில் ஒரு மாதம் சேர்த்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம். அவர்கள் கொடுத்த படிவத்தில் "நோயாளிக்கு ஏற்படும் எந்தப் பாதிப்புக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருக்கிறது. யாராவது இதை மாற்றி எழுத வைத்திருக்கிறீர்களா?

ஓய்வு பெற்ற செவிலியர், மதுரை:

கிட்டத்தட்ட எல்லாப் படிவத்திலும் அந்த வரி இருக்கும் தம்பி. அதை அடித்துவிடச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாமல் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அதோடு சேர்க்கும் அன்றைக்கே அம்மாவின் குதிகால், முதுகடி, இடுப்பு மூன்றையும் நர்ஸை வைத்துக்கொண்டு பார்த்து, "புண் இல்லை" என்று அட்மிஷன் நோட்டில் தேதியோடு எழுத வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். எடையையும் அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள்.